விண்டோஸ் அப்டேட் பாதியில் நின்றால்: கடைக்குத் தூக்கிச் செல்லும் முன் வீட்டிலேயே செய்ய வேண்டியவை

போன ஐப்பசி மழையில் ஒரு மாலை, குலசேகரத்தை ஒட்டிய எங்கள் வீட்டில் இருந்த கணினி, ‘அப்டேட் நடக்கிறது, 35 சதவீதம், கணினியை அணைக்காதீர்கள்’ என்ற பொருளில் ஒரு வரியைக் காட்டியபடி அசையாமல் நின்றது. முக்கால் மணி நேரம் பொறுத்துப் பார்த்தேன். பேச்சிப்பாறைப் பக்கமிருந்து இடி முழங்கத் தொடங்கியதும், பயந்துபோய்ப் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டேன். மறுநாள் காலையில் விண்டோஸ் திறக்கவில்லை. சி.பி.யு.வை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் நாகர்கோவிலுக்குப் போனேன். கடையில் இருந்த தம்பி ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, “ஃபார்மட் அடிக்கணும் அண்ணே, வேற வழியில்ல” என்றார். நானும் தலையை ஆட்டினேன். அதற்கு 700 ரூபாய் கூலியும் மூன்று நாள் காத்திருப்பும் மட்டுமல்லாமல், மூன்று ஆண்டு ரப்பர் ஷீட் கணக்கும் மகளின் கல்லூரிக் கோப்புகளும் போயின.

இரண்டு மாதம் கழித்து அதே கோளாறு மறுபடியும் வந்தபோது, யாரிடமும் கொடுக்காமல் நான்கு மாலைப் பொழுதுகளில் வீட்டிலேயே சரிசெய்தேன். ஃபார்மட் தேவைப்படவே இல்லை. முதல் முறையும் தேவைப்பட்டிருக்காது என்பது அப்போதுதான் புரிந்தது. கணினி வாங்கிச் சில மாதங்களே ஆனவர்களுக்கும் புரியும்படி, நான் செய்த வரிசையிலேயே இதை எழுதுகிறேன். உங்கள் கணினி இப்போது திறக்கவே இல்லை என்றால், முதல் படியை மட்டும் படித்துவிட்டு எட்டாம் படிக்குப் போய்விடுங்கள்.

1. முதலில் எடுத்து வைக்க வேண்டிய தாள்கள்

கணினியைத் தொடுவதற்கு முன் ஒரு பழைய நோட்டில் ஐந்து விவரங்களை எழுதிக்கொள்ளுங்கள். கணினியின் மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் மடிக்கணினியாக இருந்தால் அடிப்பக்கத்து ஸ்டிக்கரில் இருக்கும். வாங்கிய பில் உத்தரவாதக் காலத்துக்குத் தேவைப்படும். வெப்பத்தாளில் அச்சிட்ட பில்கள் ஓராண்டில் வெளுத்துப் போவதால் அதை இன்றைக்கே கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். மூன்றாவது, கணினியில் பயன்படுத்தும் மைக்ரோசாஃப்ட் கணக்கின் மின்னஞ்சல் முகவரியும் கடவுச்சொல்லும். பலருக்கு அந்தக் கணக்கைக் கடைக்காரரே உருவாக்கிக் கொடுத்திருப்பார், கடவுச்சொல்லும் அவரிடமே இருக்கும். அப்படியென்றால் அதை வாங்கி மாற்றிக்கொள்வதுதான் உங்கள் முதல் வேலை. நான்காவது, விண்டோஸ் தனியாக வாங்கியிருந்தால் அதன் 25 எழுத்து புராடக்ட் கீ.

ஐந்தாவதுதான் பெரும்பாலோருக்குத் தெரியாதது: பிட்லாக்கர் மீட்பு எண், அதாவது விண்டோஸ் பூட்டிய வட்டைத் திறக்கும் சாவி எண். அண்மைக் காலத்து விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்த உடனேயே வட்டு முழுவதும் பூட்டப்பட்டுவிடுகிறது. உரிமையாளர் அதைக் கேட்டதும் இல்லை, பார்த்ததும் இல்லை. ஓர் அப்டேட்டுக்குப் பிறகு ஒரு நாள் நீலத் திரை தோன்றி 48 இலக்க எண்ணைக் கேட்கும்போதுதான் விஷயமே தெரிய வரும். அந்த எண் இல்லையென்றால் உங்கள் கோப்புகளை எவராலும் மீட்க முடியாது. கைப்பேசியில் மைக்ரோசாஃப்ட் கணக்கின் இணையப் பக்கத்துக்குள் நுழைந்து, டிவைசஸ் பகுதியில் உங்கள் கணினியைத் தேர்ந்தெடுத்தால் அந்த எண் கிடைக்கும். அதைத் தாளில் எழுதி, பத்திரங்கள் இருக்கும் இடத்தில் வையுங்கள். கணினிக்குள்ளேயே சேமித்து வைப்பது வீட்டைப் பூட்டிச் சாவியை உள்ளே விட்டதற்குச் சமம்.

2. கோப்புகளைப் பிரதி எடுத்தல்

விண்டோஸ் திறக்கிற நிலையில் இருந்தால், வேறு எதையும் செய்வதற்கு முன் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் ஆகிய நான்கு ஃபோல்டர்களையும் பென் டிரைவிலோ வெளி ஹார்ட் டிஸ்க்கிலோ பிரதி எடுங்கள். டாலி போன்ற கணக்கு மென்பொருள் வைத்திருப்பவர்கள் அதன் தரவு எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலும் அது மேற்சொன்ன நான்கிலும் இருக்காது, என் கணக்கு போனதும் அதனால்தான். பிரதி எடுத்த பிறகு, அந்த பென் டிரைவை வேறொரு கணினியிலோ கைப்பேசியிலோ செருகி இரண்டு கோப்புகளையாவது திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பிரதியை நம்பக் கூடாது.

3. மின்சாரத்தையும் நேரத்தையும் பார்த்துத் தொடங்குதல்

அப்டேட் கோளாறு என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதி மின்சாரக் கோளாறு என்பது என் முடிவு. கோப்புகளை மாற்றி எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் மின்சாரம் போனால், பழையதும் புதியதும் கலந்த நிலையில் விண்டோஸ் நின்றுவிடுகிறது. நம் குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் உண்டு, சித்திரை வைகாசியில் மாலை இடியும் உண்டு. ஆகவே பிற்பகல் மூன்று மணிக்கு மேல் அப்டேட்டைத் தொடங்காமல், காலையில் தொடங்குவது நல்லது. அன்றைக்கு உங்கள் பகுதியில் மின்வாரியத்தின் பராமரிப்பு மின்நிறுத்தம் இருக்கிறதா என்று முந்தின நாளே செய்தித்தாளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேசைக் கணினி வைத்திருப்பவர்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று தைரியமாக இருந்துவிட வேண்டாம். மின்சாரம் போய் இன்வெர்ட்டர் எடுக்கும் அந்தக் கண்ணிமைப் பொழுதில் மின்விசிறிக்கு ஒன்றும் ஆகாது, கணினி ரீஸ்டார்ட் ஆகிவிடும். பல இன்வெர்ட்டர்களில் யு.பி.எஸ். முறைக்கு மாற்ற ஒரு சுவிட்ச் இருக்கும், அதை மாற்றினால் இந்த இடைவெளி குறையும். கணினிக்கென்றே ஒரு சிறிய யு.பி.எஸ். வைப்பது இன்னும் பாதுகாப்பானது. அதன் பேட்டரி பழையதாகி இரண்டு நிமிடம்கூடத் தாங்காத நிலையில் பலர் வீடுகளில் அலங்காரத்துக்கு நிற்கிறது. சுவர் சுவிட்சை அணைத்துவிட்டு எத்தனை நிமிடம் ஓடுகிறது என்று ஒரு நாள் சோதியுங்கள். ஆனால் அப்டேட் ஓடாத நேரத்தில் சோதியுங்கள்.

அப்டேட் ஓடும்போது இடி வந்துவிட்டால் என்ன செய்வது? மடிக்கணினியில் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட விடலாம். அதனால்தான் தொடங்கும்போதே சார்ஜ் முழுமையாக இருக்க வேண்டும். மேசைக் கணினியில், யு.பி.எஸ்.ஸின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினால் சில நிமிடங்கள் கிடைக்கும், பல நேரம் அது போதும். அன்றைக்கு நான் இதைத்தான் செய்திருக்க வேண்டும்.

நேரத்தைப் பற்றி இன்னொன்று. மைக்ரோசாஃப்ட் தன் மாதாந்திரப் பாதுகாப்பு அப்டேட்டை ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியிடுகிறது. நம் நேரப்படி அது செவ்வாய் இரவு பத்தரை மணி, அமெரிக்காவில் குளிர்காலமானால் பதினொன்றரை. எனவே இரண்டாவது செவ்வாயை அடுத்து வரும் புதன்கிழமையில் டி.என்.பி.எஸ்.சி. விண்ணப்பத்துக்கோ வரிக் கணக்குக்கோ கடைசி நாள் வருமானால், முன்கூட்டியே விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் ‘பாஸ் அப்டேட்ஸ்’ கொடுத்து ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள். ஐந்து வாரம் வரை தள்ளலாம், அதற்கு மேல் தள்ளுவது நல்லதல்ல.

4. உங்களிடம் இருப்பது எந்த விண்டோஸ்?

விசைப்பலகையில் விண்டோஸ் சின்னம் உள்ள கீயையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, வரும் சிறு பெட்டியில் ‘வின்வெர்’ என்பதை ஆங்கிலத்தில் இடைவெளி இல்லாமல் தட்டச்சு செய்து என்டர் அழுத்தினால், பதிப்பின் பெயரும் எண்ணும் தெரியும். இதைப் பார்க்காமல் கோளாறு தேடுவது வீண்வேலை, ஏனென்றால் அப்டேட் வராததற்குக் காரணம் கோளாறாகவே இல்லாமல் இருக்கலாம்.

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. அதற்குப் பிறகு பாதுகாப்பு அப்டேட் வர வேண்டுமானால் நீட்டிப்புத் திட்டத்தில் சேர வேண்டும், அது 2026 அக்டோபர் 13 வரை செல்லும். சேர்வதற்குக் கணினி 22எச்2 பதிப்பில் இருக்க வேண்டும், மைக்ரோசாஃப்ட் கணக்கும் வேண்டும். கணினியின் அமைப்புகளை அந்தக் கணக்கில் சேமிக்க ஒப்புக்கொண்டால் கட்டணம் இல்லை. மைக்ரோசாஃப்ட் ரிவார்ட்ஸ் புள்ளிகள் 1000 கொடுத்தும் சேரலாம். இரண்டும் வேண்டாம் என்பவர்களுக்குத்தான் 30 டாலர் கட்டணம். விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே ‘என்ரோல் நவ்’ என்ற இணைப்பு இருக்கும். இதைச் செய்து தருகிறேன் என்று ஆயிரம் ரூபாய் கேட்கும் ஆட்களும் உண்டு, ஐந்து நிமிட வேலை அது.

விண்டோஸ் 11-லும் ஒவ்வொரு பதிப்புக்கும் ஆயுள் உண்டு. ஹோம் வகைக்கு இரண்டு ஆண்டுதான். 23எச்2 பதிப்பின் ஹோம் வகைக்கு 2025 நவம்பர் 11-ஆம் தேதியோடு ஆதரவு முடிந்துவிட்டது. அந்தப் பதிப்பில் இருந்துகொண்டு மாதாந்திர அப்டேட் வரவில்லை என்று தவிப்பவர்கள் அடுத்த பதிப்புக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். 10-லிருந்து 11-க்கு மாறுவது இலவசம். ஆனால் 4 ஜி.பி. நினைவகம், 64 ஜி.பி. வட்டு, டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு, ஏற்றுக்கொள்ளப்பட்ட பிராசசர் ஆகியவை வேண்டும். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையிலிருந்து மேல் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். தகுதியில்லாத பழைய கணினியிலும் 11-ஐ ஏற்றித் தருவதாகச் சொல்லும் கடைகள் இருக்கின்றன. ஏற்ற முடியும் என்பது உண்மைதான், ஆனால் அப்படிப்பட்ட கணினிக்கு அப்டேட் கிடைக்கும் என்ற உறுதியை மைக்ரோசாஃப்ட் தருவதில்லை.

இன்னொரு பொறி: செகண்ட் ஹேண்ட் கணினியில் திருட்டு விண்டோஸ். அதை ஆக்டிவேட் செய்யப் பயன்படுத்தும் கிராக் மென்பொருளோடு, அப்டேட் சேவையையே முடக்கிவிடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தைப் பாருங்கள். உங்கள் நிறுவனம் அல்லாத ஒரு நிறுவனத்தின் பேரில் ஆக்டிவேட் ஆகியிருப்பதாகக் காட்டினால், கீழே சொல்லும் எதையும் செய்து நேரத்தைப் போக்காமல் முறையான உரிமம் வாங்குவதைப் பற்றி யோசியுங்கள்.

5. இடம், தேதி, இணையம்

மூன்றையும் ஒரே மூச்சில் பார்த்துவிடலாம், இவற்றிலேயே பாதிப் பேரின் கோளாறு தீர்ந்துவிடும்.

சி டிரைவில் குறைந்தது 20 ஜி.பி. காலியாக இருக்க வேண்டும், பெரிய பதிப்பு மாற்றம் என்றால் 30 இருப்பது நல்லது. செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் ஸ்டோரேஜ், அதில் டெம்பரரி ஃபைல்ஸ் என்று போனால் நீக்கத்தக்கவற்றின் பட்டியல் வரும். அந்தப் பட்டியலில் ‘டவுன்லோட்ஸ்’ என்பதும் ஒரு வரியாக இருக்கும். எல்லாவற்றுக்கும் டிக் போட்டு நீக்கினால், நீங்கள் இறக்கி வைத்த சான்றிதழ்களும் ஹால் டிக்கெட்டும் சேர்ந்து போகும். அதேபோல ‘முந்தைய விண்டோஸ் நிறுவல்’ என்ற வரியை நீக்கினால் பழைய பதிப்புக்குத் திரும்பும் வழி அடைபடும். பதிப்பு மாற்றத்துக்குப் பிறகு அந்த வழி 10 நாள்தான் திறந்திருக்கும். புதியது ஒத்துவருகிறது என்று தெரியும் வரை அதை விட்டு வையுங்கள்.

தேதி தவறாக இருந்தால் மைக்ரோசாஃப்டின் சர்வரோடு பாதுகாப்பான இணைப்பே உருவாகாது. கணினியை அணைத்துப் போடும்போதெல்லாம் தேதி பல ஆண்டு பின்னால் போகிறது என்றால், மதர்போர்டில் இருக்கும் சி.ஆர். 2032 என்ற நாணய வடிவ பேட்டரி தீர்ந்துவிட்டது என்று பொருள். கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். எனக்கு 50 ரூபாய் ஆனது. இதற்காக மதர்போர்டையே மாற்றச் சொன்னவர்களைப் பற்றியும் கேள்விப்பட்டிருக்கிறேன்.

இணையத்தில் கவனிக்க வேண்டியது வேகத்தைவிட அளவு. கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் ஒரு நாளைக்கு ஒன்றரை அல்லது இரண்டு ஜி.பி. என்ற திட்டத்தில் இருப்பவர்களுக்கு, பல ஜி.பி. அளவுள்ள பதிப்பு மாற்றம் ஒரே நாளில் இறங்காது. அளவு தீர்ந்ததும் வேகம் குறைந்து, ஒரே சதவீதத்தில் நின்றதுபோல் தோன்றும். மேலும், ‘மீட்டர்டு கனெக்ஷன்’ என்று அந்த இணைப்பைக் குறித்து வைத்திருந்தால் பெரிய அப்டேட்டுகள் தாமாக இறங்கா. ஃபைபர் இணைப்பு உள்ள உறவினர் வீட்டுக்கு மடிக்கணினியைக் கொண்டுபோய் ஒரு காலைப் பொழுதில் முடித்துக்கொள்வது நல்லது, நான் மார்த்தாண்டத்தில் மைனி வீட்டில் வைத்துத்தான் இறக்கினேன்.

பிரிண்டர், பென் டிரைவ், மெமரி கார்டு ஆகியவற்றைக் கழற்றிவிடுங்கள். தனியாக நிறுவிய ஆன்டிவைரஸ் இருந்தால், குறிப்பாகக் காலாவதியானது இருந்தால், அதை அன்இன்ஸ்டால் செய்துவிடுங்கள். அது போனதும் விண்டோஸின் சொந்தப் பாதுகாப்பு தானாகவே பொறுப்பெடுத்துக்கொள்ளும்.

6. பிழை எண்ணைக் குறித்துக்கொள்ளுதல்

விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் ‘அப்டேட் ஹிஸ்டரி’ என்பதைத் திறந்தால், தோல்வியடைந்த அப்டேட்டின் பெயரும் பிழை எண்ணும் கிடைக்கும். எண்ணின் தொடக்கத்தில் வரும் சுழியத்தையும் எக்ஸ் எழுத்தையும் விட்டுவிட்டு மீதியைப் பாருங்கள். 80070070 என்றால் இடம் போதவில்லை. 80073712 என்றால் விண்டோஸின் சொந்தக் கோப்புகள் சில சேதமடைந்திருக்கின்றன, அதற்கு ஏழாம் படியின் பிற்பகுதி உதவும். 80070020 என்றால் வேறொரு மென்பொருள், பெரும்பாலும் ஆன்டிவைரஸ், கோப்பைப் பிடித்து வைத்திருக்கிறது.

எல்லாப் பிழையும் உங்கள் கணினியின் தவறல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். 2024 ஜனவரியில் விண்டோஸ் 10-க்கு வந்த ஒரு பாதுகாப்பு அப்டேட், மீட்புப் பகுதியில் 250 எம்.பி. காலியிடம் இல்லாத கணினிகளில் எல்லாம் 80070643 என்ற பிழையோடு தோற்றது. அந்த மாதத்தில் ஃபார்மட் செய்தவர்களுக்கும் அதே பிழை மீண்டும் வந்திருக்கலாம். ஆகவே புதிதாக வந்த அப்டேட் தோற்றால், மைக்ரோசாஃப்டின் ‘விண்டோஸ் ரிலீஸ் ஹெல்த்’ பக்கத்தில் தெரிந்த கோளாறுகளின் பட்டியலில் அது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஒரு வாரம் பொறுப்பதே மருந்து.

பிழை எண்ணைத் தேடும்போது முதலில் வரும் விளம்பரங்களையும், ‘ஒரே கிளிக்கில் சரிசெய்யும்’ டிரைவர் அப்டேட்டர் மென்பொருள்களையும் தொடாதீர்கள். மைக்ரோசாஃப்ட் உதவி எண் என்று திரையில் மின்னும் எண்ணுக்கு அழைக்கவே அழைக்காதீர்கள். பிழைச் செய்தியோடு தொலைபேசி எண்ணை மைக்ரோசாஃப்ட் ஒருபோதும் தருவதில்லை. அழைத்துப் பணம் போய்விட்டால் உடனே 1930-க்குத் தெரிவியுங்கள், தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் கைமாறிக்கொண்டிருக்கும்.

7. தேங்கிய பதிவிறக்கத்தை அகற்றுதலும் கோப்புகளைச் சரிசெய்தலும்

முதலில் விண்டோஸின் சொந்த டிரபிள்ஷூட்டரை ஓட விடுங்கள். 11-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், டிரபிள்ஷூட், அதர் டிரபிள்ஷூட்டர்ஸ் என்ற வழியில் விண்டோஸ் அப்டேட்டுக்கு எதிரே ‘ரன்’ இருக்கும். பத்து நிமிடம் ஆகும். பலன் சில நேரம்தான் கிடைக்கும், ஆனால் கெடுதல் இல்லை.

அது பலிக்கவில்லை என்றால், பாதி இறங்கிக் கெட்டுப்போன கோப்புகளை ஒதுக்க வேண்டும். ஸ்டார்ட் மெனுவில் ‘சர்வீசஸ்’ என்று தேடித் திறந்து, அந்த நீண்ட பட்டியலில் ‘விண்டோஸ் அப்டேட்’ என்பதையும் ‘பேக்கிரவுண்ட் இன்டெலிஜென்ட் டிரான்ஸ்ஃபர் சர்வீஸ்’ என்பதையும் வலது கிளிக் செய்து ‘ஸ்டாப்’ கொடுங்கள். பிறகு சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ‘சாஃப்ட்வேர் டிஸ்ட்ரிபியூஷன்’ என்ற ஃபோல்டரைக் கண்டுபிடித்து, அதன் பெயரின் பின்னால் ‘ஓல்டு’ என்று சேர்த்துப் பெயரை மட்டும் மாற்றுங்கள். நேரடியாக அழித்துவிட வேண்டாம். பெயர் மாற்ற விடவில்லை என்றால் அந்தச் சேவைகள் மறுபடி ஓடத் தொடங்கியிருக்கும், மீண்டும் நிறுத்திவிட்டு உடனே மாற்றுங்கள். முடிந்ததும் கணினியை ரீஸ்டார்ட் செய்து அப்டேட்டைத் தேடச் சொல்லுங்கள். அப்டேட் ஹிஸ்டரி வெறுமையாகத் தெரியும், பயப்பட வேண்டாம், பட்டியல்தான் அழிந்தது, ஏற்கெனவே நிறுவியவை எல்லாம் அப்படியே இருக்கும். எனக்கு இரண்டாம் முறை வந்த கோளாற்றில் பாதி இங்கேயே தீர்ந்தது.

மீதிப் பாதிக்கு இரண்டு கட்டளைகள். ஸ்டார்ட் மெனுவில் ‘கமாண்ட் பிராம்ப்ட்’ என்று தேடி, வலது கிளிக் செய்து, அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறக்க வேண்டும். சாதாரணமாகத் திறந்தால் கட்டளை ஓடாது, புதியவர்கள் பெரும்பாலும் தடுக்குவது இங்கேதான். முதல் கட்டளையில் நான்கு துண்டுகள், எல்லாம் ஆங்கிலத்தில்: டி, ஐ, எஸ், எம் ஆகிய நான்கு எழுத்துகள் சேர்ந்த சொல், ‘ஆன்லைன்’, கிளீன்அப், இமேஜ் என்ற இரு சொற்களையும் நடுவில் சிறு கோடிட்டு இணைத்த சொல், ‘ரீஸ்டோர்ஹெல்த்’. ஒவ்வொரு துண்டுக்கும் முன் ஓர் இடைவெளி, முதல் துண்டைத் தவிர மற்ற மூன்றின் தொடக்கத்திலும் வலப்பக்கம் சாயும் ஒரு சாய்கோடு. இது இணையத்திலிருந்து நல்ல கோப்புகளை எடுத்து வருவதால், இணைப்பு இருக்க வேண்டும். 62 சதவீதத்தை ஒட்டி நெடுநேரம் நிற்பது வழக்கம். என் பழைய ஹார்ட் டிஸ்க்கில் ஐம்பது நிமிடம் ஆனது. அது முடிந்த பிறகே இரண்டாவது கட்டளை: எஸ், எஃப், சி ஆகிய மூன்று எழுத்துகள், ஓர் இடைவெளி, சாய்கோடு, அதை ஒட்டி ‘ஸ்கேன்நவ்’. சேதமடைந்த கோப்புகள் சரிசெய்யப்பட்டன என்று செய்தி வந்தால், ரீஸ்டார்ட் செய்துவிட்டு அதே கட்டளையை இன்னொரு முறை ஓட்டிப் பாருங்கள். மீண்டும் மீண்டும் புதிய சேதம் காட்டினால், பழுது விண்டோஸில் இல்லாமல் ஹார்ட் டிஸ்க்கிலேயே இருக்கலாம் என்று சந்தேகியுங்கள்.

8. திரை அசையாமல் நின்றால், அல்லது விண்டோஸ் திறக்காவிட்டால்

சதவீதம் நின்றுவிட்டது என்பதற்காக வேலை நின்றுவிட்டது என்று முடிவு செய்யாதீர்கள். கணினியில் வட்டைக் காட்டும் சிறு விளக்கு விட்டுவிட்டு மின்னுகிறதா என்று பாருங்கள். மின்னினால் வேலை நடக்கிறது. எஸ்.எஸ்.டி. உள்ள கணினியில் ஒரு மணி நேரத்துக்குள் முடியும் பதிப்பு மாற்றம், பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் நான்கைந்து மணி நேரம் எடுக்கலாம். மூன்று மணி நேரத்துக்கு மேலாக விளக்கும் மின்னாமல் சதவீதமும் நகராமல் இருந்தால் மட்டும், பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து அணையுங்கள். மறுபடி போடும்போது ‘மாற்றங்களைத் திரும்பப் பெறுகிறோம்’ என்ற பொருளில் ஒரு வரி வந்தால், அப்போதும் பொறுமை வேண்டும். அந்த நேரத்தில் அணைப்பதுதான் உள்ளதிலேயே பெரிய தவறு.

விண்டோஸ் திறக்கவே இல்லை என்றால், கணினியைப் போட்டு நிறுவனத்தின் சின்னம் தெரிந்ததும் பவர் பட்டனை அழுத்தி அணைப்பதை இரண்டு முறை செய்யுங்கள். மூன்றாம் முறை போடும்போது ‘ஆட்டோமேட்டிக் ரிப்பேர்’ என்ற மீட்புத் திரைக்குள் நுழையும். அதில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், டிரபிள்ஷூட், மறுபடி அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் என்று போனால் ‘அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்’ இருக்கும். கடைசியாக வந்த குவாலிட்டி அப்டேட்டை, அதாவது மாதாந்திர அப்டேட்டை, நீக்குங்கள். மாதாந்திர அப்டேட்டால் வந்த பழுது என்றால் இதிலேயே பெரும்பாலும் திறந்துவிடும். திறக்காவிட்டால் அதே திரையில் ‘ஸ்டார்ட்அப் ரிப்பேர்’, அடுத்து ‘சிஸ்டம் ரீஸ்டோர்’ என்ற வரிசையில் முயலுங்கள். இவை உங்கள் சொந்தக் கோப்புகளைத் தொடுவதில்லை. முதல் படியில் எழுதி வைத்த 48 இலக்க எண்ணை இந்தத் திரைதான் பெரும்பாலும் கேட்கும். ‘ரீசெட் திஸ் பிசி’ என்ற பட்டன் மட்டும் வேறு வகை. அதில் ‘கீப் மை ஃபைல்ஸ்’ என்பதைத் தேர்ந்தாலும் நிறுவிய மென்பொருள்கள் எல்லாம் போய்விடும், ‘ரிமூவ் எவ்ரிதிங்’ என்பதைத் தேர்ந்தால் கோப்புகளும் போய்விடும்.

9. இருப்பதன் மேலேயே மீண்டும் நிறுவுதல்

கணினி திறக்கிறது, ஆனால் அப்டேட் மட்டும் எப்படியும் ஏறவில்லை என்றால், ஃபார்மட்டுக்கு முந்தைய கடைசி வழி இது. விண்டோஸ் 11-இன் அண்மைப் பதிப்புகளில் செட்டிங்ஸ், சிஸ்டம், ரெகவரி பக்கத்தில் ‘விண்டோஸ் அப்டேட் மூலம் பழுதைச் சரிசெய்’ என்ற பொருளில் ஒரு பட்டன் இருக்கிறது. கோப்பும் மென்பொருளும் அமைப்பும் அப்படியே இருக்க, விண்டோஸை மட்டும் புதிதாக ஏற்றிவிடும்.

அது இல்லாதவர்கள் மைக்ரோசாஃப்டின் தளத்திலிருந்து விண்டோஸ் முழுவதும் அடங்கிய ஐ.எஸ்.ஓ. கோப்பை இறக்கி, இரட்டைக் கிளிக் செய்து, அதற்குள் இருக்கும் ‘செட்அப்’ கோப்பை ஓட்ட வேண்டும். இங்கே ஒரு பொறியில் நான் ஒரு நாள் முழுவதையும் இழந்தேன். இறக்கும்போது மொழி கேட்கும், அதில் அமெரிக்க ஆங்கிலம், இன்டர்நேஷனல் ஆங்கிலம் என்று இரண்டு உண்டு. கணினியில் ஏற்கெனவே இருக்கும் மொழியும் இதுவும் ஒத்துப்போகவில்லை என்றால், ‘கோப்புகளையும் மென்பொருளையும் வைத்துக்கொள்’ என்ற தேர்வு மங்கலாகி அழுத்த முடியாமல் போகும். மங்கலாக இருந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு மற்ற மொழிக் கோப்பை இறக்குங்கள். கோப்பு ஐந்து ஜி.பி.க்கு மேல் இருக்கும், தரவு அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். பென் டிரைவில் ஏற்றி வைக்க விரும்பினால் 8 ஜி.பி. போதும், ஆனால் அதில் இருக்கும் பழைய கோப்புகள் எல்லாம் அழிந்துவிடும். என் மகள் தன் பென் டிரைவைத் தர மறுத்ததற்குக் காரணம் இருந்தது.

10. கடைக்குப் போயே ஆக வேண்டுமென்றால்

ஹார்ட் டிஸ்க்கில் கடகட ஓசை கேட்டாலும், மீட்புத் திரைக்குள்ளேயே நுழைய முடியாவிட்டாலும் கடைக்குப் போவதுதான் சரி. உத்தரவாதக் காலம் மீதமிருந்தால் அந்த நிறுவனத்தின் சேவை மையத்துக்கே போங்கள். இடையில் வேறொருவர் திறந்து பார்த்தால் உத்தரவாதம் கேள்விக்குள்ளாகலாம்.

எந்தக் கடையானாலும், ஒப்படைக்கும் முன் ஒரு தாளில் மாடல் எண், சீரியல் எண், ஹார்ட் டிஸ்க்கின் அளவு, நினைவகத்தின் அளவு ஆகியவற்றை எழுதி, ‘என்னிடம் கேட்காமல் ஃபார்மட் செய்யக் கூடாது’ என்ற வரியையும் சேர்த்து, கடைக்காரரின் கையெழுத்தோடு ஒரு படி வாங்கிக்கொள்ளுங்கள். சங்கடமாக இருந்தாலும் கேளுங்கள். “முதல்ல டேட்டாவை எடுத்துத் தர எவ்வளவு, விண்டோஸ் போட எவ்வளவு” என்று இரண்டுக்கும் தனித்தனியாகக் கூலி பேசுங்கள். பழைய வட்டை மாற்ற வேண்டும் என்று சொன்னால் சம்மதிக்கலாம், எஸ்.எஸ்.டி. போட்ட பிறகு என் பழைய கணினியில் மாதாந்திர அப்டேட் இருபது நிமிடத்தில் முடிகிறது. ஆனால் கழற்றிய வட்டைக் கையோடு கேட்டு வாங்கி வர வேண்டும், உங்கள் கோப்புகள் அதில்தான் இருக்கின்றன. மாற்றிய பாகத்துக்கு ஜி.எஸ்.டி. பில் வாங்குங்கள். பிறகு தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் முறையிட அந்தப் பில்தான் ஆதாரம்.

கணினியைத் திரும்ப வாங்கும்போது கடையிலேயே போட்டு, வின்வெர் எண்ணையும் ஆக்டிவேஷன் பக்கத்தையும் பார்த்துவிட்டு, விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் ‘செக் ஃபார் அப்டேட்ஸ்’ ஒரு முறை அழுத்திப் பாருங்கள். தேடி முடித்துப் பட்டியல் காட்டிய பிறகு மீதிக் கூலியைக் கொடுங்கள்.